மழையில் அளந்த ஊர்

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி ஒரு படம் போட்டான். 'வாழவே லாயக்கில்லாத ஊர்கள்' என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு. கீழே ஊர்ப்பெயர்கள் வரிசையாக இருந்தன. யார் எடுத்த கணக்கு, எந்த மாதத்தில் எடுத்தார்கள், யாரைப் போய்க் கேட்டார்கள் என்று ஒரு வரி கிடையாது. சாயங்காலத்துக்குள் குழுவில் பெரிய சண்டை. சென்னையில் இருக்கும் சித்தப்பா மகனுக்கும் பெங்களூரில் இருக்கும் அத்தை மகளுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோய்விட்டது. நான் வாய் திறக்கவில்லை. இந்த மாதிரி வரிசைகளை உண்டாக்குகிற தொழிலில்தான் என் உழைப்பில் பெரும்பகுதி போயிற்று. சொல்ல ஆரம்பித்தால் வாட்ஸ்அப்பில் முடியாது.

அதே வாரம் வாசுகி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கடலூர் வட்டாரத்துக் கள மேற்பார்வையாளர் வேலையை இப்போது பார்ப்பவள் அவள்தான்.

"அக்கா, புதுசா சேர்ந்ததுங்க கேக்குதுங்க, இப்பிடி ஒரு ஊர கடைசின்னு போடறது நியாயமான்னு. எனக்குச் சொல்ல வரல. கடலூர் கேஸ முடிச்சவங்க நீங்கதான. எழுதிக் குடுங்க, நம்ம ஆபீஸ் மலர்ல போட்டுருவோம்."

முடித்தவள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

என் பெயர் ரெஜினா. கடலூர்க்காரி. சிதம்பரத்தில் பொருளாதாரம் படித்துவிட்டு, ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்த நாளில், சென்னையில் இருந்த ஒரு கணக்கெடுப்பு நிறுவனம் ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை. எந்தச் சோப்பு போடுகிறீர்கள், எந்தப் பற்பசை, வீட்டில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், இப்படி. ஆறு மாதம் பார்த்துவிட்டு விடலாம் என்று சேர்ந்தவள், தலை நரைத்துத்தான் வெளியே வந்தேன். அதற்குக் காரணம் சம்பத் சார்.

சம்பத் சார் தலைமை அலுவலகத்தில் களப்பணிக்குப் பொறுப்பாளர். ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, குரல் எப்போதும் ஒரே சுருதி. எங்களுக்குப் பயிற்சி கொடுக்கத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு லாட்ஜின் மேல்மாடிக் கூடத்துக்கு வந்தார். பாடம் நடத்தவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "நான்தான் வீட்டுக்காரி. வந்து கேளுங்க" என்றார். ஒவ்வொருவராகப் போய்க் கேட்டோம். என் முறை வந்தபோது மூன்றாவது கேள்வியில், "அய்யோ, அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்றார். நான் விடாமல் நான்காவது கேள்வியைக் கேட்டேன். அவர் எழுந்துவிட்டார்.

"ரெஜினா, பால் பொங்கிப் போச்சு. இனிமே அந்தம்மா சொல்ற பதில் எல்லாம் பொங்கின பாலோட பதில். 'எறக்கி வெச்சிட்டு வாங்க, நான் இங்கயே நிக்கிறேன்'னு சொல்லியிருக்கணும்."

அவரிடம் கற்ற முறைகள் இன்றைக்கும் என் கைவிரலில் இருக்கின்றன. தெருவில் எங்கே ஆரம்பிப்பது என்பதை நாம் முடிவு செய்யக்கூடாது; அலுவலகம் சீட்டுப் போட்டு எடுத்த இடத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். வலது கைப்பக்கமாகவே நடக்க வேண்டும். இத்தனை வீட்டுக்கு ஒன்று என்றால் அந்த வீடுதான். நாய் இருக்கிறது, வாசலில் சாக்கடை இருக்கிறது, வீட்டுக்காரர் முறைக்கிறார் என்று அடுத்த வீட்டுக்குத் தாவக்கூடாது. பூட்டியிருந்தால் மறுபடியும் வர வேண்டும். வீட்டில் யார் நன்றாகப் பேசுவார்களோ அவர்களைக் கேட்கக்கூடாது. யாருடைய பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவரைக் கேட்க வேண்டும். பதில் எதுவாக இருந்தாலும் நம் முகம் மாறக்கூடாது. "மோசம்" என்று எழுதவே கூடாது. தண்ணீர் எந்த இடம் வரைக்கும் நின்றது, எத்தனை நாளில் வடிந்தது என்று எழுத வேண்டும். மோசமா இல்லையா என்பது படிக்கிறவர்கள் பாடு.

இந்த முறைகள் எதற்கு என்பது எனக்குப் புவனகிரியில் புரிந்தது. வெள்ளாற்றுப் பக்கத்தில் ஒரு விவசாயி வீடு. நல்ல மனிதர். நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் சொன்னார். தண்ணீர்? "அமிர்தம்மா." ரோடு? "கண்ணாடி மாதிரி." ஆஸ்பத்திரி? "கூப்பிடு தூரம்." கரண்ட்? "போவறதே இல்ல." சொல்லி முடிக்கும்போது விசிறியே சுற்றவில்லை. சந்தோஷமாக எழுதிக்கொண்டு வந்து கொடுத்தேன். சம்பத் சார் பார்த்துவிட்டு, "ஒரு மனுஷனுக்கு எல்லாமே நல்லா இருக்குமா?" என்று கேட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போனார்.

விஷயம் இதுதான். அவர் மகனுக்குப் பண்ருட்டி பக்கம் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் விசாரித்து வர ஆள் அனுப்பியிருக்கிறார்கள், அந்த ஆள் நான்தான் என்று அவர் நினைத்துவிட்டார். உண்மை தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "அப்பிடியா சேதி! எழுதிக்கம்மா. தண்ணி உப்பு. ரோடு கெடையாது. கரண்ட் எப்ப வருதுன்னே தெரியாது" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். திரும்பி வரும்போது சம்பத் சார் சொன்னார்: "ஊர் மாறல, ரெஜினா. நீங்க யாருன்னு அவர் நினைச்சதுதான் மாறிச்சு. பதில் தலைகீழா ஆயிடுச்சு பாத்தீங்களா?"

பல வருஷம் கழித்துதான் அந்தப் பெரிய வேலை வந்தது. அதற்குள் நான் கள மேற்பார்வையாளர் ஆகியிருந்தேன். வாசுகி என் குழுவில் இருந்தாள். ஒரு பத்திரிகை, தமிழ்நாட்டு ஊர்களை எல்லாம் 'வாழ உகந்தவை' என்று முதலிலிருந்து கடைசி வரை வரிசைப்படுத்த வேண்டும் என்று எங்கள் நிறுவனத்திடம் கேட்டது. தண்ணீர், சாக்கடை, பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கேள்விகள். கடைசியில் ஒரு அட்டையைக் காட்ட வேண்டும். அதில் ஒரு ஏணி. அடிப்படி பூஜ்யம், உச்சிப்படி பத்து. இந்த ஊரில் வாழ்வதற்கு எந்தப் படி என்று விரல் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட அந்த விரலுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி.

கடலூர், சிதம்பரம் இரண்டும் என் பொறுப்பு. கார்த்திகையில் கடலூர், மார்கழியில் சிதம்பரம் என்று தேதி வந்தது. அந்தக் கார்த்திகையில் பெய்த மழை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கெடிலம் ஆறு கரை நிரம்பி ஓடியது. தாழ்வான தெருக்களில் தண்ணீர் வடிய ஆரம்பித்து, சுவரில் சேற்றுக்கோடு காயாமல் இருந்த நேரம். நான் சம்பத் சாருக்குப் போன் போட்டேன்.

"சார், இப்ப போய் ஏணியக் காட்டுனா யாரு மேல கை வெப்பாங்க? ஒரு மாசம் தள்ளிப் போடுங்க."

"புரியுது ரெஜினா. பத்திரிகைக்குத் தேதி குடுத்தாச்சு. நான் பேசிப் பாத்தேன், ஒத்துக்கல. போங்க. ஆனா ஒரு வீட்டையும் விடாதீங்க."

போனோம். சீட்டில் விழுந்த இடங்களில் ஒன்று, ஆற்றை ஒட்டிய ஒரு சின்னத் தெரு. ஓடைத் தெரு என்று சொல்வார்கள். அங்கே மல்லிகா என்ற பெண் வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தாள். அன்றைக்குக் கடை இல்லை. கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அதன் மேல் கிரைண்டரை ஏற்றியிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து சேற்றை முறத்தால் வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். "முடிச்சிட்டு வாங்க, நிக்கிறேன்" என்றேன். முடித்துவிட்டு வந்தாள். எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கடைசியில் ஏணி அட்டையைக் கையில் கொடுத்தேன். அடிப்படியில் விரலை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"இதுக்குக் கீழ படி எதுனா இருக்குதா?"

முகம் மாறக்கூடாது என்ற விதியை அன்றைக்குத்தான் காப்பாற்ற மிகவும் கஷ்டப்பட்டேன்.

அடுத்தது சிதம்பரம். நாங்கள் போய் இறங்கியபோது ஆருத்ரா தரிசனத்துக்கு ஊரே நிரம்பியிருந்தது. நான்கு வீதிகளிலும் வாசலை அடைத்துக் கோலம். வெளியூர் போன பிள்ளைகள் எல்லாம் வீட்டில் இருந்தார்கள். எந்த வீட்டுக்குள் போனாலும் தொன்னையில் களியும் ஏழுகறிக் கூட்டும் கொடுக்காமல் கேள்வி கேட்கவே விடவில்லை. கீழ வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர், கடையில் நிற்க இடமில்லாத கூட்டத்துக்கு நடுவே அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பத்துப் போட்டுக்கம்மா. இந்த ஊரு மாதிரி வருமா? தேரு வர்ற நேரம், தள்ளி நில்லு" என்றார்.

பொங்கல் முடிந்து பத்திரிகை வந்தது. சிதம்பரம் முதல் வரிசையில் இருந்தது. கடலூர் கடைசி.

ஒரு ஊர் கடைசி என்றால் என்ன ஆகும் என்பதை அந்த மாதத்தில்தான் பார்த்தேன். முதலில் கேலி. விழுப்புரத்திலிருந்து வந்த பஸ்ஸில் கண்டக்டர், "கடைசி ஊரெல்லாம் எறங்கு" என்றார். பஸ்ஸே சிரித்தது, நானும்தான். என் தம்பியிடம் அவன் மச்சான், "ஒங்க ஊருக்கு வந்தா தடுப்பூசி போட்டுக்கணுமா மாமா?" என்று கேட்டான். இதெல்லாம் போகட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் வீடு திரும்பியபோது ஆக்னஸ் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

ஆக்னஸும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதிகள். காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஆசிரியை. இந்தப் பக்கத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல வசதி இல்லாததால், பாண்டிச்சேரிக்குப் போய் வரும் பஸ்ஸிலேயே அவர்களின் பாதி நாள் போய்விடும். பஸ்ஸில் குமட்டல் எடுத்து, வகுப்பில் தூங்கிவிழும் குழந்தைகளை அவள் எனக்குக் காட்டியிருக்கிறாள். கடலூரிலேயே ஒரு பள்ளிக்கூடம் கொண்டு வர அவள் அலையாத இடமில்லை. வெளிமாநிலத்து அறக்கட்டளை ஒன்று சம்மதித்து, இடம் பார்க்கவும் வந்து போயிருந்தது.

"உள்ள வா" என்றேன். வரவில்லை.

"அவுங்க வரலன்னுட்டாங்கடி. பயிற்சி எடுத்த டீச்சருங்கள கடைசி ஊருக்கு எப்பிடி அனுப்பறது, குடும்பத்தோட வந்து யாரு தங்குவாங்கன்னு கேக்கறாங்க. பத்திரிகையக் காட்டிப் பேசறாங்க ரெஜினா. நீ எடுத்த கணக்கு. ஒன் கையால எடுத்த கணக்கு."

"கணக்கு பொய் இல்ல ஆக்னஸ்."

"பொய்யின்னு நான் சொன்னனா? நீ இந்த ஊருல பொறந்து வளந்தவ. இது வாழ முடியாத ஊரா? அத மட்டும் சொல்லு, நான் போறேன்."

பதிலுக்குக் காத்திராமல் அவள் போய்விட்டாள். மறுநாள் காலையில் முதல் வண்டியில் நான் சென்னைக்குப் போனேன்.

சம்பத் சார் அறையில் எப்போதும்போல மேசை காலியாக இருந்தது. நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்டார்:

"நம்ம எண் தப்பா?"

"எண் சரி சார். கேட்ட நாள் தப்பு. ஒரு ஊர வெள்ளத்துல அளந்தோம், இன்னொரு ஊர தேர்த்திருவிழாவுல அளந்தோம். ரெண்டையும் பக்கத்துல வெச்சு இது ஒசத்தி, அது மட்டம்னா எப்பிடி?"

"நீங்க அப்பவே சொன்னீங்க."

"சொன்னேன்."

அவர் சமாதானம் சொல்வார், அல்லது மேலே இருப்பவர்கள் மேல் பழியைப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப மறுபடியும் கேப்போம். ரெண்டு ஊரையும் ஒரே வாரத்துல. திருவிழா இல்லாத, மழை இல்லாத வாரமா நீங்களே சொல்லுங்க. நானும் வரேன்" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதரைப் பற்றி இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மாசியில் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். சம்பத் சார், நான், வாசுகி, இன்னும் இரண்டு பேர். சிதம்பரத்தில் அதே பாத்திரக்கடைப் பெரியவர். இந்தத் தடவை கடையில் அவரும் பல்லியும்தான். அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். விரல் நடுவில் வந்து நின்றது. "ஊரு நல்ல ஊருதாம்மா. ஆனா திருநாள் முடிஞ்சா ஈ ஓட்ட வேண்டியதா இருக்குதே. என் பசங்க யாரும் இங்க இல்ல" என்றார். போன முறை பத்து போடச் சொன்னவரும் இவர்தான். இரண்டு முறையும் அவர் பொய் சொல்லவில்லை.

கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், கடலோரம் என்று நடந்தோம். காய்ந்த தெருக்களில் விரல்கள் மேலே ஏறின. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிற இடம் நன்றாக இருக்கிறது, சாயங்காலமானால் கடற்காற்று வருகிறது, மீன் மலிவு என்று ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பாதி வேலை முடிந்தது, ஆக்னஸுக்கு நல்ல சேதி சொல்லலாம் என்று ஓடைத் தெருவுக்குள் நுழைந்தேன்.

மல்லிகா கடை போட்டிருந்தாள். ஆவி பறக்க இட்லி. சம்பத் சார் தள்ளி நின்று ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். சட்னி ஊற்றி முடிக்கும் வரை காத்திருந்து கேள்விகளைக் கேட்டேன். அட்டையைக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

"எதுக்கு மறுபடியும் கேக்குறீங்க?"

"போன தடவ மழை நேரம். சாதாரண நாள்ல என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான்."

"பாத்து, அந்தக் கடைசிய மாத்திடுவீங்களா?"

நான் அட்டையைக் கீழே இறக்கினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மாத்திடாதீங்க மேடம். ஒங்களுக்குப் புண்ணியமா போவும். எத்தினி வருஷமா இந்தத் தெருவுல தண்ணி நிக்குது தெரியுமா? நாங்க போவாத ஆளு இல்ல. அந்தப் புஸ்தகம் வந்த பெறவுதான் பெரிய அதிகாரி ஒருத்தரு ஜீப்புல வந்து எறங்குனாரு. சேத்துக்கோடு எங்க இருக்குதுன்னு கேட்டாரு. என் வூட்டுச் செவுத்துல அளந்து பாத்துட்டுப் போனாரு. ஆத்து வரைக்கும் வாய்க்கால் வெட்டறேன்னிருக்காரு. இப்ப நீங்க நல்லாருக்குதுன்னு எழுதினா வெட்டுவாங்களா?"

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பாரமாக இருந்தது. ஒரு பக்கம் ஆக்னஸின் பிள்ளைகள். கடைசி என்ற பெயர் போனால்தான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். இன்னொரு பக்கம் இந்தத் தெரு. கடைசி என்ற பெயர் இருந்தால்தான் இவர்களுக்கு வாய்க்கால். இரண்டு பேருக்கும் ஊர் ஒன்று, எண் ஒன்று.

இன்னும் ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது. வாய்ப்புக் கிடைத்தால் இந்த ஊரை விட்டு வேறு ஊருக்குப் போய்விடுவீர்களா? கேட்டேன்.

"எதுக்குப் போவணும்?" மல்லிகாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஊருக்கு என்னா கொறச்சல்? எம் பொண்ணு இங்கதான் நர்சுக்குப் படிக்குது. ஊரு நல்ல ஊரு மேடம். எங்க தெருவுலதான் தண்ணி."

சம்பத் சார் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார். "அம்மா, இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். அவர் ஒருவரை இரண்டாம் முறை சொல்லச் சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அவள் சொன்னாள்.

அன்று மாலை தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். வேலை நேரத்தில் அவர் எதுவும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அன்று இரண்டாவது பொட்டலமும் வாங்கினார்.

"சார், ஊரு கடைசி இல்ல. அந்தத் தெருதான் கடைசி" என்றேன்.

"அத எப்படிக் காட்டுவீங்க?"

"ஊருக்கு ஒரே எண் போடறத விட்டுடுவோம். எதுக்கு எந்த எடம்னு பிரிச்சுப் போடுவோம். ஆஸ்பத்திரிக்கு இது, பள்ளிக்கூடத்துக்கு இது, மழைத்தண்ணிக்கு இது. மழைத்தண்ணியில கடைசின்னா, எந்தப் பகுதி கடைசின்னு தெருப் பேரோட போடுவோம். எந்த மாசத்துல கேட்டோம்னு மேலயே போடுவோம்."

"எல்லா ஊருக்கும்?"

"எல்லா ஊருக்கும் சார். ஒசந்த எடம் வாங்குன ஊருல ஓடைத் தெரு இல்லன்னா நெனைக்கிறீங்க?"

அவர் சிரித்தார். பல வருஷப் பழக்கத்தில் அவர் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பத்திரிகை ஆசிரியரைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆசிரியர் கெட்டவர் இல்லை. அவருக்கு அவர் தொழில். "சார், முதல் எது, கடைசி எதுன்னு சொன்னாத்தான் ஜனங்க வாங்குவாங்க. தெருத்தெருவா பிரிச்சுப் போட்டா யார் படிப்பாங்க?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "மேடம் கடலூர்தானே? சொந்த ஊர்ப் பாசம். அதான் மாத்தச் சொல்றாங்க."

இந்த வார்த்தைக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று எனக்கு அப்போது தோன்றியது.

"ஆமா சார், அந்த ஊர்க்காரிதான். பாசம் இருந்தா எல்லாத்துக்கும் பத்துப் போடச் சொல்லியிருப்பேன். ஓடைத் தெருவுக்குப் பூஜ்யத்த அப்படியே வெக்கணும்னுதான் கேக்குறேன். அவுங்க பூஜ்யத்த எடுத்து ஊரு பூரா தடவுனா, ஊருக்கும் கெட்ட பேரு, அந்தத் தெருவும் யாரு கண்ணுக்கும் தெரியாமப் போயிடும். எங்க வலிக்குதுன்னு கேட்டு வந்துட்டு, ஆளே மோசம்னு எழுதறது வைத்தியமா சார்?"

ஆசிரியர் சம்பத் சாரைப் பார்த்தார். சம்பத் சார் அதே சுருதியில் சொன்னார்: "எங்க நிறுவனத்துல பேசிட்டுத்தான் வந்திருக்கேன். போடலைன்னா எங்க பேரை எடுத்துடுங்க. அடுத்த வருஷம் வேற யாரையாவது பாத்துக்குங்க."

எல்லா ஊர்க் கணக்கையும் தெருத்தெருவாகப் பிரித்து நாங்கள் கொண்டு போன தாள்களை ஆசிரியர் மறுபடியும் புரட்டினார். தன் சொந்த ஊர் இருந்த தாள் வந்ததும் நிறுத்தினார். நல்ல இடம் வாங்கிய ஊர்தான். மழைத்தண்ணீர் வரிசையில் அதன் ஒரு தெரு, கடைசியிலிருந்து எண்ணினால் ஓடைத் தெருவுக்கு அடுத்து இருந்தது. "இது எங்க பெரியம்மா இருந்த தெரு" என்றார். "எங்களுக்கு இது தெரியும். ஆனா யாரும் எழுதினதில்ல."

அடுத்த இதழில் வந்தது. நடுப்பக்கம் முழுக்க, ஊர் ஊராக, பிரித்துப் பிரித்து. கடலூர் ஆஸ்பத்திரி வசதியில் மேலே இருந்தது, பள்ளிக்கூடத்தில் மேலே இருந்தது, மழைத்தண்ணீரில் அடியில் இருந்தது. பக்கத்தின் தலைப்பாக மல்லிகா சொன்னதையே போட்டிருந்தார்கள்: 'ஊரு நல்ல ஊரு, எங்க தெருவுலதான் தண்ணி.' அந்த இதழ் கடலூரில் வந்த அன்றே தீர்ந்துபோனது. பஸ் நிலையத்துக் கடையில் ஒன்றுகூட இல்லை. ஆசிரியர் சம்பத் சாருக்குப் போன் செய்து, மற்ற ஊர்களிலிருந்தும் தெருக்காரர்கள் எங்கள் தெருவை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறார்கள் என்றாராம்.

வாய்க்கால் சித்திரையில் ஆரம்பித்து மழைக்கு முன்னால் முடிந்தது. அந்த ஐப்பசியில் நல்ல மழை. நான் குடையோடு ஓடைத் தெருவுக்குப் போனேன். தெருவே வாய்க்கால் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் சுழித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து ஓடியது. மல்லிகா கடையை மூடவே இல்லை. "பாத்தீங்களா மேடம், ரயிலு மாதிரி போவுது!" என்று கத்தினாள். ஒரு கிழவர் ஒவ்வொரு தெர்மாகோல் துண்டாக அதில் போட்டு அது போவதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார். நனைந்துகொண்டே நானும் கைதட்டினேன்.

வாசுகியிடம் கேட்ட பிள்ளைகளுக்கு என் பதில் இதுதான். எது மோசம் என்று சொல்வது குற்றமில்லை. சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஓடைத் தெருவுக்கு விமோசனமில்லை. ஆனால் ஒரு ஊர் என்பது ஒரே ஆள் இல்லை. அதை ஒற்றை எண்ணாக்கிக் கடைசியில் நிறுத்துகிறவன், அங்கே நன்றாக இருப்பவனையும் பொய்யன் ஆக்குகிறான், கஷ்டப்படுகிறவனையும் மறைக்கிறான். ஒரு வரிசையைப் பார்த்தால் மூன்று கேளுங்கள்: யாரைக் கேட்டார்கள், எந்த மாதத்தில் கேட்டார்கள், எந்தத் தெருவில் நின்று கேட்டார்கள். பதில் இருந்தால் மதியுங்கள். இல்லாவிட்டால் என் தம்பிக்கு அனுப்பிவிடுங்கள். அவன் எல்லாக் குழுவிலும் போடுவான்.

அறக்கட்டளைக்காரர்கள் மறுபடியும் வந்தார்கள். ஆக்னஸ் அந்த நடுப்பக்கத்தை அவர்கள் முன்னால் விரித்துவைத்ததோடு சரி, ஒரு வார்த்தை பேசவில்லையாம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெரிய பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஆசிரியைகளில் ஒருத்தி முதல் வாரத்திலேயே தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். திறப்பு விழாவுக்கு நாதஸ்வரமும் தவிலும் வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குக் கேட்காதே, எதற்கு மேளம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். தவில்காரர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கி வந்தார். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து தவிலை மடியில் சாய்த்து, "எல்லாரும் வாங்க, கை வையிங்க" என்று ஜாடை காட்டினார். பிள்ளைகள் பயந்து பயந்து வந்து, தவிலின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார்கள். அவர் முதல் அடி அடித்ததும் ஒரு பெண் குழந்தை கையை எடுத்துவிட்டு, தன் கையையே திருப்பிப் பார்த்தது. பிறகு மறுபடியும் வைத்தது. அவர் வேகத்தைக் கூட்டக் கூட்ட, அத்தனை பிள்ளைகளும் கையை எடுக்காமல் குதித்தார்கள். ஆக்னஸ் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் போய் அவர்களோடு கை வைத்தோம்.